வெள்ளிக்கிழமைக் கப்பல்

சாலமோன் வாத்தியார் வீட்டில் இந்தோனேசியப் பெண் ஒருத்தி பத்து மாதம் தங்கி ஆங்கிலம் படிக்கப்போகிறாள் என்று ஞாயிறு ஆராதனை முடிவில் போதகர் அறிவித்தபோது, பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாத்தியாரின் மனைவி கிரேசிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லோரும் திரும்பி அவளையே பார்த்தார்கள். அவள் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து, பிரித்த பக்கம் எதுவென்று தெரியாமலே குனிந்துகொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாங்க, என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? எனக்கு இங்கிலீசுல தண்ணின்னுகூட சொல்லத் தெரியாது. அந்தப் பொண்ணுகிட்ட நான் இன்னா பேசுவேன்?"

"நீ பேச வேணாம் கிரேசி. சோறு போட்டாப் போதும். பேசறதுக்குத்தான் நான் இருக்கேனே."

சாலமோனுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. ஸ்ரீபெரும்புதூர் உயர்நிலைப் பள்ளியில் பதினெட்டு வருஷமாக ஆங்கிலம் நடத்துகிறவர் அவர். இலக்கணத்தில் அவரை அசைக்க முடியாது என்று காஞ்சிபுரம் வரைக்கும் பேச்சு. ஆனால் அத்தனை வருஷத்தில் வெளிநாட்டு ஆள் ஒருவரோடு ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல அவர் பேசியதில்லை. இப்போது இரண்டு நாட்டுத் திருச்சபைகளும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாட்டில், இங்கிருந்து ஒரு பையன் அங்கே விவசாயம் படிக்கப் போயிருந்தான். பதிலுக்கு அங்கிருந்து ஒரு பெண் வருகிறாள். இந்தியாவில் வாத்தியார் வீடுகளில் அடுப்படியில்கூட ஆங்கிலம்தான் பேசுவார்கள் என்று யாரோ அங்கே எழுதிப் போட்டிருக்க வேண்டும்.

அது 1967ஆம் வருஷம், ஜூன் மாதம். அவர்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. வீட்டின் பின்னறை அந்த இருபது வருஷமும் நெல் மூட்டைக்கும் உடைந்த நாற்காலிக்கும்தான் பயன்பட்டது. கிரேசி அதை இரண்டு நாள் கழுவினாள். சுண்ணாம்பு அடித்தாள். ஜன்னலுக்குத் தன் பழைய வாயில் புடவையைக் கிழித்துத் திரை தைத்தாள்.

பெங்களூர் ரோட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கியவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். குட்டையான உருவம், அகன்ற முகம், சிரித்தால் கண் காணாமல் போய்விடும். தோளில் கருநீலமும் சிவப்புமாக நெய்த ஒரு கனத்த துண்டு. பெயர் ரோஸ்மைதா. ஒரே வாரத்தில் தெருவே அவளை ரோசம்மா ஆக்கிவிட்டது.

சாலமோன் ஒரு சட்டம் போட்டார். காலையில் எழுந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான். விளைவு, பகல் முழுக்க வீடு சாவு விழுந்த வீடு மாதிரி ஆயிற்று. அவர் பள்ளிக்கூடம் போய்விடுவார். ரோஸ்மைதாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் ஐம்பது வார்த்தை; கிரேசிக்கு அதுவும் இல்லை. ஒருத்தி முருங்கைக்கீரை உருவுவாள், எதிரே மற்றவள் உட்கார்ந்து அவளும் உருவுவாள். கண்ணோடு கண் பட்டால் சிரித்துக்கொள்வார்கள்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, புளி தீர்ந்துபோய்க் கிரேசி கூடையை எடுத்தாள். "கடைக்குப் போயிட்டு வரேன்" என்று கையால் தெருவைக் காட்டினாள்.

"கடை?" என்றாள் ரோஸ்மைதா. கண் அகலமானது. "கெடாய்! கெடாய்!" என்று கையால் தராசு பிடித்துக் காட்டினாள். அவர்கள் ஊரிலும் கடைக்கு ஏறக்குறைய அதே பேர்தானாம். கப்பலை அவர்கள் 'காப்பால்' என்றார்கள். ரொட்டியும் அவர்களுக்கு ரொட்டிதான். இரண்டு பேரும் அந்த மூன்று வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அன்றைக்கே சாலமோனின் சட்டம் செத்தது. அவருக்குத் தெரியாமல் பகலெல்லாம் தமிழ் நடந்தது. சாயங்காலம் செருப்புச் சத்தம் கேட்டதும் ரோஸ்மைதா ஓடிப்போய்ப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு, "குட் ஈவினிங் சார்" என்பாள்.

அவரை சார் என்று கூப்பிட்டாள். கிரேசியை 'இனாங்' என்றாள். அவர்கள் பக்கத்துப் பெண்களை மரியாதையாகக் கூப்பிடுகிற வார்த்தை என்று கிரேசி நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று ஒருநாள் ரோஸ்மைதாவே சொன்னாள். அதைக் கேட்ட பிறகு கிரேசி சமையலறையிலிருந்து உடனே பதில் குரல் கொடுப்பதில்லை. இரண்டு தடவை கூப்பிட விடுவாள்.

அந்தப் பெண்ணின் அம்மா பெரிய ஏரி ஒன்றின் கரையில், மலைக்கு நடுவே இருக்கும் ஊரில் சந்தைக்குத் துணி நெய்து விற்பவள். புருஷன் இல்லை. மகள் ஆங்கிலப் பரீட்சையில் தேறிவிட்டால் சபைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா வேலை நிச்சயம். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் அனுப்பினாள். தோளில் கிடந்த துண்டும் அவள் நெய்ததுதான். புறப்படுகிற அன்று அதைப் போர்த்திவிட்டு, துறைமுகம்வரை வந்தால் அழுதுவிடுவேன் என்று வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டாளாம்.

நவம்பரில் மழை பெய்து ஏரி நிரம்பி, தெருவில் கெண்டை மீன் வந்தது. ரோஸ்மைதா கிரேசியை அடுப்பைவிட்டு எழுப்பிவிட்டாள். மஞ்சளும் இஞ்சியும் வெங்காயமும் அரைத்துப் பூசி, எண்ணெய் ஒரு சொட்டு இல்லாமல் நீர் சுண்டும்வரை மெல்லிய தணலில் வைத்தாள். மணம் பிரமாதமாக இருந்தது. ஒரு வாய் வைத்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"இன்னா ரோசம்மா? உப்பு கம்மியா?"

"இல்லை இனாங். எங்க ஊர்ல ஒரு மிளகு. சின்னது. பச்சை. அது போட்டா..." வார்த்தை தேடினாள். "நாக்கு தூங்கும். இங்க நாக்கு தூங்கலை."

அப்புறம், "அம்மா மீன் மாதிரி இல்லை" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து தட்டைக் காலி செய்தாள். கிரேசி அன்று அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள். சமாதானம் சொல்ல அவளுக்குத் தெரிந்த வழி அதுதான்.

சாயங்காலப் பாடம் மட்டும் தவறாமல் நடந்தது. சாலமோன் நல்ல வாத்தியார். கோபம் வராது, ஒரே விஷயத்தை முப்பது தடவையும் சொல்லுவார். ஒன்றில்தான் இரண்டு பேரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். நடந்திருக்க வேண்டியது நடக்காமல் போனதைச் சொல்கிற வாக்கியம். நேற்று மழை பெய்திருந்தால் நான் வந்திருக்க மாட்டேன் என்கிற மாதிரி. ரோஸ்மைதாவின் பாஷையில் வினைச்சொல் காலத்துக்குத் தக்கபடி மாறுவதே இல்லையாம். நடக்காத ஒன்றுக்கு எதற்கு இத்தனை வார்த்தை என்று அவள் கேட்டாள். சாலமோன் சிரித்தார். பரீட்சையில் கட்டாயம் வரும் என்றார்.

ஜனவரியில் ஒருநாள் கிரேசியும் அவளும் படப்பைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தார்கள். பஸ்ஸில் கண்டக்டர், "அம்மாவுக்கும் பொண்ணுக்கும் ரெண்டு டிக்கெட்டா?" என்று கேட்டான். முகத்தைப் பார்த்துக் கேட்டானோ, பார்க்காமல் கேட்டானோ. கிரேசி, "ஆமாம்ப்பா" என்றாள். வீடு வரும்வரை அவள் வேறெதுவும் பேசவில்லை.

பரீட்சை பிப்ரவரி கடைசியில், மெட்ராஸில். அதற்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில், ஒரு புதன்கிழமை நடுப்பகலில் தபால்காரர் நடேசன் வந்தார். சாலமோன் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த நேரம். ரோஸ்மைதா, ஆங்கிலம் நடத்தும் இந்திராணி டீச்சரோடு பேசிப் பழகப் பெண்கள் பள்ளிக்குப் போயிருந்தாள்.

"வாத்தியாரம்மா, தந்தி வந்துகீது. வெளிநாட்டுத் தந்தி. சாருக்கு."

கிரேசி கையெழுத்துப் போட்டு வாங்கினாள். சாலமோன் சோற்றுக் கையை உதறிவிட்டு இடது கையால் பிரித்தார். படித்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் கிரேசி கிட்டே வந்து நின்றாள்.

"ரோசம்மாவோட அம்மாவுக்கு உடம்பு ரொம்ப மோசமா இருக்காம். மகளைக் கேட்டுகிட்டே இருக்காங்களாம். உடனே அனுப்பணும்னு அவங்க போதகர் அடிச்சிருக்கார்."

எழுந்து கை கழுவினார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை பினாங்கு கப்பல் இருக்கு. இப்பவே மெட்ராஸ் போய்ச் சபை ஆபீஸ்ல சொன்னா சீட்டு வாங்கிடலாம். நான் பள்ளிக்கூடத்துல லீவு சொல்லிட்டு வந்துடறேன். அவ வந்ததும் நீ பக்குவமாச் சொல்லு."

கிரேசி வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"வெள்ளிக்கிழமையா? பரீட்சைக்கு இன்னும் பன்னெண்டே நாளு."

"அம்மா சாகக் கிடக்கறாங்க கிரேசி."

"கப்பல்ல போய்ச் சேர எத்தனை நாளாவும்?"

"பினாங்குக்கு ஒரு வாரம். அங்கேயிருந்து வேற கப்பல், அப்புறம் பஸ்ஸு. பத்து நாள்னு வெச்சுக்கோ."

"இவ போறதுக்குள்ள ஒண்ணு அந்தம்மாவுக்கு நல்லாயிடும். இல்லாட்டி எல்லாம் முடிஞ்சிருக்கும். ரெண்டுல எதுன்னாலும் இவ போய் இன்னா பண்ணப்போறா? இந்த வேலைக்குத்தான அந்தம்மா தறியில உக்காந்து உக்காந்து இவள அனுப்பிச்சது? பரீட்சை எழுதாமப் போயி நின்னா அவங்க மனசு ஆறுமா?"

"அதை முடிவு பண்ண நாம யாரு?"

"பன்னெண்டு நாளுதாங்க. எழுதி முடிக்கட்டும். அன்னிக்கே சொல்லிடலாம். நான் உங்ககிட்ட இது வரைக்கும் எதுனா கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. குழந்தை இல்லாத குறையைக்கூட அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சாலமோன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தந்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மீதிச் சோற்றைச் சாப்பிடாமலே பள்ளிக்கூடம் போனார்.

பரீட்சையைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மைதான் என்று கிரேசி அப்போது நம்பினாள். உள்ளே வேறொன்றும் இருந்தது. இந்தப் பெண் வெள்ளிக்கிழமை கப்பல் ஏறினால் திரும்பி வரமாட்டாள். ஏப்ரல் வரைக்கும் என்று மனதில் எண்ணி வைத்திருந்த நாட்களெல்லாம் போய்விடும். அதைத் தனக்கே சொல்லிக்கொள்ள அவளுக்கு வெகுகாலம் பிடித்தது.

வியாழன் போயிற்று. வெள்ளி போயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாடம் நடத்துகையில் சாலமோன் பாதியில் நிறுத்திவிட்டு, தலைவலி என்று எழுந்துபோனார். ரோஸ்மைதா சுக்கு அரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அதை வாங்கும்போது அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பரீட்சை நன்றாக எழுதினாள். மெட்ராஸிலிருந்து சாலமோனோடு திரும்பி வந்தவள் பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடியே வந்தாள். "இனாங், எல்லாம் எழுதினேன்! எல்லாம் வந்தது!" என்று கிரேசியைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கே சொல்லிவிடுவதாகத்தான் பேச்சு. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துவிட்டுக் கிரேசி, நாளைக்குச் சொல்லலாம் என்று கண்ணால் காட்டினாள். மறுநாள் காலையில் சாலமோன்தான் அவளைக் கூடத்தில் உட்கார வைத்துச் சொன்னார். தந்தி நேற்றுதான் வந்தது என்று சொன்னார். கிரேசி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். தன் புருஷன் பொய் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

ரோஸ்மைதா ஓவென்று அழவில்லை. கப்பல் எப்போது என்று மட்டும் கேட்டாள். ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளிதான் கப்பல். அந்த வெள்ளிக்கிழமை போகிற கப்பலில் இடமே இல்லை. சாலமோன் இரண்டு நாள் துறைமுகத்துக்கும் சபை ஆபீசுக்குமாக அலைந்து பார்த்தார். அடுத்த கப்பலுக்குத்தான் சீட்டுக் கிடைத்தது. ஆகாய விமானம் என்பதெல்லாம் அவர்களில் யாருக்கும் நினைத்துப் பார்க்கிற காரியமாக இல்லை. அந்தப் பெண் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, தினமும் முழங்காலில் நின்று ஜெபித்தாள்.

முதல் தந்தி வந்த இருபத்தோராம் நாள் இரண்டாவது தந்தி வந்தது. இந்தத் தடவை சாலமோன் மறைக்கவில்லை. அவளையே பிரிக்கச் சொன்னார். அவளுக்கு இப்போது அந்த ஆங்கிலம் புரிந்தது. துண்டை எடுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். அவர்கள் ஊர் வழக்கப்படி நீட்டி நீட்டி ஒரு ஒப்பாரி அவளிடமிருந்து வந்தது. தெருப்பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு வார்த்தை புரியாமலே எல்லோரும் அழுதார்கள். கிரேசி அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். அந்த நேரத்திலும், நல்லவேளை இவளுக்குத் தெரியாது என்று ஒரு நினைப்பு உள்ளே ஓடியது. அதற்காகப் பின்னால் அவள் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள்.

கப்பலுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ரோஸ்மைதாவின் தம்பி எழுதிய கடிதம் வந்தது. அம்மா உயிரோடு இருந்தபோது எழுதியது. வழியில் எங்கெங்கோ சுற்றிக்கொண்டு தாமதமாக வந்திருந்தது. ரோஸ்மைதா அதைக் கிணற்றடியில் நின்று படித்தாள். படித்து முடித்து வெகுநேரம் அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே வந்தாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். சாலமோன் நாற்காலியில் இருந்தார். கிரேசி சாப்பாட்டுப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சார், முதல் தந்தி எந்த நாள் வந்தது?" தமிழில்தான் கேட்டாள். கிரேசிக்கும் புரியவேண்டும் என்று கேட்டாளோ என்னவோ.

அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று.

"தம்பி எழுதறான். தந்தி குடுத்த மூணாம் நாள் ஒரு கப்பல். அக்கா அதுல வருவா. மாமா துறைமுகம் போனார். ரெண்டு நாள் அங்க நின்னார். எல்லாரும் இறங்கினாங்க. நான் இல்லை. அம்மா தினம் கேக்கறாங்க, கப்பல் வந்ததா, கப்பல் வந்ததா. நான் இன்னா சொல்ல, எழுதறான்."

கிரேசி கையில் இருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். இப்போது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். நாக்கு புரளவில்லை.

சாலமோன் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார். தலைமையாசிரியர் முன்னால்கூட அப்படி அவர் நின்றதில்லை. ஆங்கிலத்தில் சொன்னார், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. கிரேசிக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்தான்: ஐ. ஐ, ஐ என்று மூன்று முறையோ நாலு முறையோ வந்தது. கிரேசி என்கிற பெயர் ஒரு தடவைகூட வரவில்லை.

ரோஸ்மைதா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் ஆங்கிலத்திலேயே சொன்னாள். தடுமாறவில்லை.

"இஃப் யூ ஹேட் டோல்ட் மி, ஐ வுட் ஹேவ் சீன் ஹெர்."

சாலமோன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இன்னா சொல்லிட்டுப் போறா?" என்று கிரேசி அவரைக் கேட்டாள்.

"நீங்க சொல்லியிருந்தா, நான் அவங்களைப் பார்த்திருப்பேன்." பிறகு, "ஒரு தப்பு இல்லாம சொல்றா" என்றார்.

அந்த மூன்று நாளும் ரோஸ்மைதா கிரேசியோடு மட்டும் இருந்தாள். அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டாள். அவள் மடியில் படுத்து அழுதாள். சாலமோன் கூடத்துக்கு வந்தால் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவாள். கிரேசிக்கு ஒவ்வொரு வேளையும் சொல்லிவிடலாம் என்று தொண்டைவரை வரும். 'இனாங்' என்று அவள் ஒரு தடவை கூப்பிட்டதும் அது உள்ளே போய்விடும். சாலமோனிடமே ஒருநாள், "ஏன் என் பேரைச் சொல்லாம வுட்டீங்க?" என்று அழுதாள்.

"வேணாம் கிரேசி. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது அவளுக்கு மிச்சம் இருக்கட்டும். இல்லன்னா இந்தப் பத்து மாசத்துல அவளுக்கு இன்னா இருக்கு?"

துறைமுகத்தில் ரோஸ்மைதா கிரேசியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. சாலமோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார். போர்ட்டர் வந்து அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கிப் போனான். அவள் அந்தப் பக்கம் திரும்பாமலே ஏணியில் ஏறிப்போனாள்.

ஆகஸ்டில் முதல் கடிதம் வந்தது. உறைமேல் கிரேசியின் பெயர் மட்டும். உள்ளே ஆங்கிலம். அந்த வீட்டில் அதைப் படித்துச் சொல்ல ஒரே ஒருவர்தான் இருந்தார்.

சாலமோன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வகுப்பில் பாடம் வாசிப்பது போல வரிவரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். பரீட்சையில் தேறிவிட்டாள். வேலை கிடைத்துவிட்டது. அம்மாவின் கல்லறைக்குத் தம்பியோடு போய்வந்தாள். கிணற்றடி மல்லிச்செடி பூத்ததா என்று கேட்டிருந்தாள். கடைசியில் ஒரு இடத்தில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"'சாரை மன்னிக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன் இனாங். இன்னும் முடியவில்லை.' அவ்வளவுதான். முத்தங்களோட ரோஸ்மைதான்னு முடிச்சிருக்கா."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அன்று சனிக்கிழமை, பள்ளிக்கூடம் கிடையாது.

கிரேசியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. பதில் எழுதும்போது உண்மையை எழுதச் சொல்லி அவரிடம் கெஞ்சினாள். மாட்டேன் என்றார். வாழ்க்கையில் அவள் கேட்டு அவர் மறுத்தது அது ஒன்றுதான். அவள் இந்திராணி டீச்சர் வீட்டுக்குப் போனாள்.

இந்திராணி டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். "யோசிச்சுப் பாருங்க கிரேசியம்மா. அவ போயாச்சு. அவங்க அம்மாவும் போயாச்சு. இப்ப இதை எழுதினா யாருக்கு இன்னா பிரயோசனம்? உங்க மேல அந்தப் பொண்ணு உசிரையே வெச்சிருக்கா."

"அது எனக்கு வந்தது இல்ல டீச்சர். நான் ஏமாத்தி வாங்கினது. 'சொல்லியிருந்தா பார்த்திருப்பேன்'னு வர்ற அந்தப் பாடத்தையே அவரு இப்ப நடத்தறதில்லையாம். பத்தாவது பசங்களையே வாசிச்சுக்கச் சொல்லிட்டு ஜன்னல்கிட்ட போய் நின்னுக்கறாராம். எழுதுங்க. அவரு அன்னிக்கே மெட்ராசுக்குக் கிளம்பினாரு, நான்தான் வாசல மறிச்சுகினு நின்னேன்னு எழுதுங்க. பரீட்சைக்காகன்னு எழுதாதீங்க. நீ என்னை வுட்டுப் போயிடுவியோன்னு எழுதுங்க."

டீச்சர் எழுதினார். கீழே கிரேசி தமிழில் தன் பெயரைப் போட்டாள்.

நான்கு மாதம் ஒன்றும் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நடேசன் ஒரு கடிதம் கொண்டுவந்தார். "சார் பேருக்கு வந்துகீது" என்றார். கிரேசி வாங்கிப் பார்த்தாள். அதே கையெழுத்து.

சாலமோன் அதை இரண்டு முறை படித்தார். இரண்டாம் முறை படிக்கும்போது கண்ணாடிக்குக் கீழே விரலை விட்டுத் துடைத்துக்கொண்டார். கிரேசி எதிரே நின்றுகொண்டே இருந்தாள்.

"நல்லா இருக்காளாம். என்கிட்ட மன்னிப்புக் கேக்கறா. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே அங்க பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கறாளாம்." கொஞ்சம் நிறுத்தி, "உன்னையும் விசாரிச்சிருக்கா" என்றார்.

அந்தப் பெண்ணிடம் அவரால் பொய் சொல்ல முடிந்தது. இவளிடம் அவருக்கு அது வரவில்லை. கிரேசி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"என் பேரு அதுல எங்க இருக்கு? வெரலை வெச்சுக் காட்டுங்க."

அவர் கடிதத்தை மடித்தார்.

"நீங்க அவளுக்கு எழுதுங்க" என்றாள் கிரேசி. "நிறைய எழுதுங்க. என்னைப் பத்தி ஒண்ணும் எழுதாதீங்க. அவளா கேட்டா சொல்லுங்க. இனிமே லெட்டர் வந்தா உள்ளது உள்ளபடி படிங்க. எனக்காக ஒண்ணும் சேக்காதீங்க."

அப்படியே நடந்தது. வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ கடிதம் வந்தது, எல்லாம் சார் பெயருக்கு. கல்யாணம் நடந்தது, ஒரு பெண் பிறந்தது, அப்புறம் ஒரு பையன். பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை போட்டார்கள். சாலமோன் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எதையும் கூட்டாமல் குறைக்காமல் படித்துச் சொல்லுவார். கிரேசி எதிரே தரையில் உட்கார்ந்து கேட்பாள். முடிந்ததும், "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்து உள்ளே போவாள்.